மெயில் மட்டும் திறந்திருந்த வீடு

இது நடந்து இரண்டு வருடமாகிறது. என் மகள் ஓ.எல். சோதினைக்கு, அதாவது பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்த வருடம் முதலாம் தவணையில் மகள் கணக்கில் குறைந்த புள்ளி எடுத்து வந்தபோது அது மூக்கை விட்டு இறங்கி வந்துவிட்டது. புத்தகத்துக்குள் போனை வைத்துக்கொண்டு, "அப்பா, பாடம்தான் பாக்கிறன்" என்று சொல்லுவாள். எட்டிப் பார்த்தால் யாரோ ஒரு பெண் கேக்குக்கு மேல் பூப் போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வீட்டு இணையத்தையும் துண்டித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குக் கணினி விஷயமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அவர்தான் என்னைத் தடுத்தார்.

"அண்ணை, முழுக்க நிப்பாட்டினால் பிள்ளை பக்கத்து வீட்டு வைஃபையைத் தேடிக்கொண்டு போகும். தேவையானதை மட்டும் விடுங்கோ. மிச்சத்தைப் பூட்டுவம்."

தேவையானது எது என்று யோசித்தோம். கணக்கு ரியூசன் ஆசிரியர் மாதிரி வினாத்தாள்களை மின்னஞ்சலில்தான் பிள்ளைகளுக்கு அனுப்புவார். ஆகவே மின்னஞ்சல் மட்டும் வேலை செய்கிற மாதிரி நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து தந்தார். விறாந்தையில் எல்லோருடைய கண்ணிலும் படுகிற இடத்தில் கணினியை வைத்தேன். எதைத் திறந்தாலும் திறக்காது, மின்னஞ்சல் மட்டும் திறக்கும்.

மகள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "உலகத்தில ஆர் அப்பா இப்ப மெயில் பாவிக்கினம்? எனக்கு எழுதுறதுக்கு ஒரு ஆள் இருக்கோ?" என்று கேட்டாள்.

ஒரு ஆள் இருந்தான். என் தம்பி.

எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். இருபது வருடத்துக்கு மேலாகக் கனடாவில், ரொறன்ரோவில் இருந்தான். பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. அவனுக்கும் ஒரே மகள், என் மகளை விட இரண்டு வயது இளையவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போனில் முகம் பார்த்துக் கதைப்பான். என்னோடு இரண்டு கதை, என் மகளோடு இருபது கதை. போன் அலுமாரிக்குள் போன பிறகு என்னை அழைத்தான்.

"அண்ணை, பிள்ளையைப் பூட்டுறதெண்டு என்னையும் சேர்த்தோ பூட்டிப்போட்டியள்?"

"சோதினை முடியட்டும். அதுமட்டும் மெயிலில எழுது" என்றேன்.

அடுத்த ஞாயிறே எழுதிவிட்டான். 'அன்புள்ள கைதிக்கு' என்று தொடங்கியிருந்தான். 'உன்ரை கொப்பர் ஜெயிலராக இருக்கிறபடியால் இந்த வழியால் எழுதுகிறேன்' என்று அடுத்த வரி. மகள் அதை உரத்து வாசித்தபோது அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தேன், ஜெயிலர் சிரிக்கக் கூடாதல்லவா.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் தம்பியின் மின்னஞ்சல் வரும். தொழிற்சாலையில் கருகிப் போன பாணைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரரின் நாய் தன் சப்பாத்தை மட்டும் தேடித் தேடித் தூக்கிப் போவதைப் பற்றி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தன் மகள் 'ழ' சொல்லப் படுகிற பாட்டைப் பற்றி எல்லாம் எழுதுவான். கடைசியில் ஒரு கணக்குப் புதிர் இருக்கும். மகள் அதற்கு விடை கண்டுபிடித்து, 'இப்படிக்கு கைதி' என்று பதில் போடுவாள். போனில் கதைத்த காலத்தில்கூட அவர்கள் இருவரும் இவ்வளவு கதைத்ததில்லை. இணையத்தைப் பூட்டியதால் வீட்டுக்கு ஒரு நன்மை வந்தது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

சோதினைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டு வாசலில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். கனடாவிலிருந்து தம்பியின் நண்பர் அழைத்தார். தம்பி இரவு வேலைக்குப் போகும்முன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்திருக்கிறான். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் கால் வெறுங்காலுமாக இருந்தேன். மனைவி ஓடி வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் வாயைத் திறந்து அழத் தொடங்கியபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்.

"பிள்ளைக்குத் தெரியக் கூடாது. சோதினை முடியட்டும்."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. சோதினை எழுதுகிற பிள்ளைக்கு இழவு சொல்ல மாட்டோம். பெற்ற தகப்பன் செத்ததையே கடைசித் தாள் எழுதி முடித்த பிறகு சொன்ன வீடுகள் இருக்கின்றன. அது சரியா என்று ஒருவரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பின்னேரம் பிள்ளை வரும்போது வீடு வழமை போல இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் அந்த நேரத்து யோசனையாக இருந்தது.

அன்று முழுவதும் ஓடித் திரிந்தேன். பத்திரிகையில் மரண அறிவித்தல் போட வேண்டாம், றோட்டில் கண்ணீர் அஞ்சலி ஒட்ட வேண்டாம் என்று சொந்தக்காரருக்குச் சொன்னேன். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வீட்டுக்கு வராமல் அலுவலகத்துக்கு வரும்படி ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். ஒழுங்கையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போய், "பிள்ளைக்குச் சோதினை" என்றேன். அதற்கு மேல் விளக்கம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. தம்பியின் மனைவிக்கும் அழைத்துச் சொன்னேன். புருசனைப் பறிகொடுத்துவிட்டு இருக்கிற பெண்ணிடம் போய் இதைக் கேட்கிறேனே என்று நாக்குக் கூசியது. அவர் "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது மனைவிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இஞ்சேருங்கோ, மெயிலையும் நிப்பாட்டி விடுவமே?"

"நிப்பாட்டினால்தான் பிள்ளை யோசிப்பாள். வினாத்தாளும் வரவேணும். பெரிய ஆக்கள் எல்லாம் வைபரிலதான் கதைக்கினம். மெயிலில ஆரும் இழவு சொல்லுவினமே? நீர் பேசாம இரும்" என்றேன்.

தம்பியின் செத்தவீட்டை அங்கே இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். எங்களுடைய ஆட்கள் நாலா பக்கமும் சிதறிப் போன பிறகு இப்போது இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. வீட்டிலிருந்து எப்படிப் பார்ப்பது? வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, எங்கள் வீட்டு இணையத்தைப் பூட்டித் தந்த அதே நண்பர் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டுத் தன் கணினியில் எனக்கு அதைப் போட்டுத் தந்தார். தம்பி கோட்டும் சூட்டுமாகப் படுத்திருந்தான். அவன் மகள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தாள். ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. பார்த்து முடித்து முகம் கழுவி, கடையில் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஏன் பிந்தியது என்று மகள் கேட்டாள். வேலை என்றேன்.

வீட்டில் அழ எனக்கு ஓர் இடமில்லை. கிணற்றடிக்குப் போனால் அவள் படிக்கிற அறை யன்னல் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். விறாந்தைச் சுவரில் தம்பியின் கலியாணப் படம் தொங்குகிறது. அதற்கு முன்னால் ஒரு விளக்குக் கொளுத்தி வைக்க முடியவில்லை. அந்தச் சுவரைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

செய்தி வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு காலை மகள் கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். மின்னஞ்சல் வரவில்லை. நான் ஆயத்தமாக வைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டேன்.

"சித்தப்பாவுக்கு வேலையிடத்தில ஆள் குறைவாம். ரண்டு சிப்ட் செய்யிறாராம். கொஞ்ச நாளைக்கு எழுத மாட்டாராம். உன்னைக் கவனமாப் படிக்கட்டாம் எண்டு சொன்னவர்."

"பாவம் சித்தப்பா" என்றாள். பிறகு, "அவர் எழுதாட்டிலும் நான் எழுதுவன்" என்று தட்டச்சு செய்யத் தொடங்கினாள். செத்துப் போன என் தம்பிக்கு என் பிள்ளை எழுதுகிற சத்தம் டக்கு டக்கென்று கேட்டது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சந்தைக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் சித்தப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கு அடுத்த ஞாயிறும் தானே போய் இருந்து நெடுநேரம் எழுதினாள். முன்பு போல உரத்து வாசித்துக் காட்டவில்லை. சோதினைப் பயம் என்று நினைத்தோம். சொன்ன பொய் பலித்துவிட்டது என்று நான் மனைவிக்குக் கண்ணைக் காட்டினேன்.

எங்கள் சைவ வழக்கப்படி கூடப்பிறந்தவன் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை வீட்டில் துடக்கு. மச்சம் சாப்பிடக் கூடாது, கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. என் மகள் மீன் இல்லாவிட்டால் சோற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறவள். சோதினை நேரத்துக்கு மரக்கறிதான் மூளைக்கு நல்லது என்று மனைவி ஒரு கதை சொன்னார். அவள் மறு பேச்சில்லாமல் சாப்பிட்டாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரிய சோதனை ஒன்று வந்தது. சாவகச்சேரியில் என் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் தனியே இருக்கிறார். நாங்கள் இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் என்னையும் தம்பியையும் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டவர். போன் பாவிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தவன் அந்த ஓட்டத்தில் போகாமல் விட்டுவிட்டேன். சந்தையில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பஸ் ஏறி வந்து, ஒழுங்கைத் தொடக்கத்திலிருந்தே "என்ரை ராசா, என்ரை ராசா" என்று அழுதுகொண்டு வந்தார். சத்தம் கேட்டுக் கேற்றடிக்கு ஓடினேன்.

"அக்கா, பிள்ளை உள்ளுக்குப் படிக்கிறாள். அவளுக்குச் சொல்லேல்லை. சோதினை."

அவருக்கும் அந்த வழக்கம் தெரியும். அந்தக் கணமே அழுகையை நிறுத்தி, சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டார். ஆனால் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் மகள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மாமிக்கு என்ன?"

"பல்லுக்கொதி" என்றேன். வாயில் துணியை வைத்துக்கொண்டு கண்ணீர் விடுகிற மனிசிக்கு வேறு என்ன வியாதி சொல்ல முடியும்?

மகள் உள்ளே போய் இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீரும் இரண்டு கராம்பும் கொண்டு வந்து கொடுத்தாள். அக்காவை இருத்தி, பக்கத்தில் தானும் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுங்கோ மாமி. பல்லுக்கொதிக்கு அழுதா ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

அக்கா அவளுடைய மடியில் விழுந்து அழுதார். மகள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எவ்வளவு இரக்கமுள்ள பிள்ளை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

சோதினை தொடங்குவதற்கு முதல் நாள் எங்களுக்கு இன்னொரு தலையிடி. அவளுக்குச் சோதினை நிலையம் மருதனார்மடப் பக்கம். அந்த வழியால் போகிற பிள்ளைகள் ஆஞ்சநேயர் கோயிலில் பேனையையும் அனுமதி அட்டையையும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இவளும் ஒவ்வொரு தவணைச் சோதினைக்கும் அப்படிப் போனவள்தான். துடக்கோடு கோயிலுக்குள் போக விடுவதா? தெரியாமல் போனால் குற்றமில்லை என்றார் மனைவி. அவளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியுமே என்றேன் நான். மறிப்பதென்றால் என்ன சொல்லி மறிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கோயிலை நெருங்கினோம். வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தாயும் எங்களைக் கண்டு கை காட்டிக் கூப்பிட்டார்கள். வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து மகள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, நான் உள்ளுக்குப் போகேல்லை. இதில நிண்டு கும்பிடுறன்."

"ஏன் பிள்ளை?"

"நேரம் போகுது."

சோதினைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவள் றோட்டுக்கு இந்தப் பக்கம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டாள். கடவுளே எங்களைக் காப்பாற்றிவிட்டார் என்று நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

கடைசித் தாள் அன்று மத்தியானம் நேரத்தோடு போய் வெளியே காத்திருந்தேன். அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். வீட்டில் வைத்துச் சொன்னால் தாயும் மகளும் சேர்ந்து உடைந்து போவார்கள், வழியிலேயே நான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று மனைவி கேட்டிருந்தார். சொல்ல வேண்டியதை முதல்நாள் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'பிள்ளை, மனிசராய்ப் பிறந்தால்' என்று அது தொடங்கும்.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள். இவள் அமைதியாக வந்து பின்னால் ஏறினாள். பிரதான வீதியால் போகாமல் தோட்ட வெளிப் பக்கம் திருப்பினேன். வெங்காயத் தறைக்கு நடுவே ஒரு வேப்பமரம் நின்றது. அதன் கீழே நிறுத்தினேன். அவள் இறங்கி நின்றாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"பிள்ளை, மனிசராய்ப் பிறந்தால்..."

"அப்பா, எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சித்தப்பா செத்துப்போனார்."

எப்போது, யார் சொன்னது என்று கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முதல் ஞாயிறு அவள் எழுதிய மின்னஞ்சலுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வந்திருக்கிறது. எழுதியது தம்பியின் மகள். பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்த நான், அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளை நான் நினைக்கவே இல்லை. தகப்பனின் கணினியில் அவர் பெயருக்கு வந்திருந்த கடிதத்தைக் கண்டுவிட்டு, அதிலிருந்தே பதில் போட்டிருக்கிறாள்.

"சித்தப்பாடை பேரில வந்திருந்தது. அவர்தான் எழுதியிருக்கிறார் எண்டு சந்தோசமாத் திறந்தனான் அப்பா."

இதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. நான் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் பிள்ளை எங்களிட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் ரண்டு பேரும் எவ்வளவு கஸ்டப்பட்டு மறைச்சனீங்கள். எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சா, பிள்ளை சோதினையில கோட்டை விட்டிடுவாள் எண்டு ஏங்கிப் போவியள். அதுதான்."

"அப்ப நீ எங்கை அழுதனீ?"

"ரியூசனுக்குப் போகேக்க. சைக்கிள் ஓடேக்க அழுதா ஆரும் கவனிக்க மாட்டினம். காத்துக்குக் கண் கலங்குதெண்டு நினைப்பினம்."

பல்லுக்கொதி, மரக்கறிச் சாப்பாடு, கோயில் வாசல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்ணுக்கு முன்னால் வந்தன. துடக்கு என்று தெரிந்துதான் அவள் கோயிலுக்குள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எழுதியது செத்தவனுக்கு அல்ல.

"தங்கச்சிக்கும் கதைக்க ஆள் இல்லை அப்பா. சித்தி எந்நேரமும் படுத்த படுக்கையாம். நான் எழுதாட்டி அவளுக்கு ஒருத்தரும் இல்லை. அதுதான் எழுதினனான்."

பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் இன்னும் அழேல்லை என்ன? எனக்காகத்தானே. சோதினை முடிஞ்சுது. இனி அழுங்கோ அப்பா."

அழுதேன். வாய்விட்டு அழுதேன். தம்பி போய் ஒரு மாதமாகப் போகிற நேரத்தில், வெங்காயத் தறை நடுவில், பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற என் பிள்ளையின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவளும் அழுதாள். தோட்டத்தில் நின்ற ஒரு பெரியவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிட்ட வந்தார்.

"என்ன தம்பி, பிள்ளைக்குச் சோதினை சரி வரேல்லையோ? உதுக்குப் போய் அழுறியளே?"

மகள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இல்லை ஐயா. எங்கடை சித்தப்பா செத்துப்போனார்."

அவர் தலைத் துண்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எங்களோடு நின்றார். வழியில் போகிற ஒருவருக்குக்கூடச் சொல்லக்கூடிய அந்த வார்த்தையை இவ்வளவு நாளும் ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் ஆளுக்காள் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அன்று பின்னேரம் மகள்தான் தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து, மாலை போட்டு, விளக்குக் கொளுத்தினாள். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு எங்களோடு வந்தாள். சாவகச்சேரி அக்காவும் வந்தார். அவளைக் கண்டதும், "என்ரை பல்லுக்கு வைத்தியம் பாத்த பிள்ளை" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சோதினை முடிவு நன்றாகவே வந்தது. கேட்கிறவர்களுக்குச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.

எங்கள் வீட்டில் இணையத்துக்கு இப்போதும் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. அது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஞாயிறு காலையில் மகள் தங்கச்சிக்கு எழுதும்போது, கீழே நானும் நாலு வரி எழுதுகிறேன். பெரியப்பாவின் கணக்குப் புதிர் நல்லாயில்லை என்று அந்தப் பிள்ளை பதில் போடுகிறாள். வீட்டில் எந்த இழவு வந்தாலும் முதலில் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திச் சொல்லுவது என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். ஆனாலும் பின்னேரங்களில் வேலை முடிந்து வரும்போது, எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டிப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை யாருடைய கண்ணாவது கலங்கியிருப்பதைக் கண்டால், அது காற்றால்தானா என்று பார்ப்பதற்காக என் மோட்டார் சைக்கிளின் வேகம் இன்றைக்கும் தன்பாட்டில் குறைந்துவிடுகிறது.